900 மில்லிமீட்டர்: நம்ம ஊர் பஸ் படிக்கட்டும் ஒரு சட்ட வரியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் மூணு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 400, 650, 900.

மூணுமே மில்லிமீட்டர் கணக்கு. தரையிலிருந்து பஸ்ஸோட உள்தளம் எவ்வளவு உயரத்துல இருக்குங்கிற அளவு. 2008ல மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் பேருந்துகளுக்கான வரையறைகளை வெளியிட்டப்போ இந்த மூணு உயரத்தையும் குறிப்பிட்டாங்க. 400னா தாழ்தளப் பேருந்து. 650னா அரைத் தாழ்தளம். 900னா நாம ஸ்கூல் காலத்துல ஃபுட்போர்டுல தொங்கிட்டுப் போனோமே, அந்த பஸ்.

400 மில்லிமீட்டர் பஸ் நிறுத்தத்துல நின்னதும் ஒரு பக்கமா கொஞ்சம் சாயும். கதவுக்கிட்ட மடிச்சு வச்சிருக்கிற சாய்தளப் பலகையைப் பிரிச்சுப் போட்டா வீல்சேர் நேரா உள்ளே போயிடும். 900 மில்லிமீட்டர் பஸ்ல அது நடக்காது. ரெண்டு மூணு படி ஏறணும், நடுவுல ஒரு கம்பி வேற நிக்கும். வீல்சேர்ல இருக்கிறவரை யாராவது தூக்கித்தான் ஏத்தணும்.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் இருக்கான். பேர் வேணாம்னு சொல்லிட்டான். மூணாவது வருஷம் பைக் விபத்துல தண்டுவடத்துல அடி. அதுல இருந்து வீல்சேர்தான். படிப்பை முடிச்சான், வேலையும் வாங்கினான். வீட்டுல இருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக 180, வர 180. மாசம் 22 நாள்னு வச்சாலும் 7,920 ரூபாய். இத்தனைக்கும் அவங்க தெருமுனையில இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் நேரா பஸ் இருக்கு. அதுல அவனுக்கு டிக்கெட்டே கிடையாது. 2021ல தமிழ்நாடு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள்ல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் கொஞ்ச நாள்லயே மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வர்ற ஒரு உதவியாளருக்கும் அதே சலுகையைக் கொடுத்தாங்க.

அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "மச்சி, எனக்கு பஸ் ஃப்ரீ. ஏறுறதுதான் காஸ்ட்லி."

அன்னைக்கு நானும் கூடவே சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி வந்துச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் இந்த நாட்டுல 1995லயே வந்தாச்சு. அப்போ நாங்க யாருமே பிறக்கல. அப்புறம் ஏன் இன்னும் இப்படி? நான் நினைச்சது என்னன்னா, "சட்டம் நல்லாத்தான் இருக்கும், யாரும் மதிக்கல, அவ்வளவுதான்"னு. நம்ம எல்லாரோட எண்ணமும் அதுதானே. சட்டத்தை எடுத்துப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அது முழு உண்மை இல்ல. ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருந்துச்சு.

1995: ஒரே சட்டம், ரெண்டு விதமான வாக்கியம்

கொஞ்சம் பின்னாடி போவோம். 1981ஐ ஐ.நா. சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டுனு அறிவிச்சுது. (அப்போ புழக்கத்துல இருந்த சொல் அதுதான். "மாற்றுத்திறனாளி"ங்கிற சொல் அரசு வழக்குக்கு வந்தது கலைஞர் கருணாநிதி ஆட்சியிலதான்.) அந்த வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்புல மாற்றுத்திறனாளிகளைப் பத்தி கேள்வி கேட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துல 1931 வரைக்கும் கேட்டுட்டு இருந்த கேள்விதான் அது. நடுவுல நின்னுபோய் 1981ல திரும்பி வந்துச்சு. 1991ல மறுபடியும் எடுத்துட்டாங்க. ஜாவேத் அபிதி மாதிரியான உரிமைச் செயல்பாட்டாளர்கள் போராடின பிறகு 2001ல திரும்பச் சேர்த்தாங்க. 2011 கணக்குப்படி இந்தியாவுல 2.68 கோடி பேர், தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர்.

1992 டிசம்பர்ல பெய்ஜிங்ல ஆசிய பசிபிக் நாடுகள் கூடி, 1993லிருந்து 2002 வரைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான பத்தாண்டுனு அறிவிச்சாங்க. இந்தியாவும் கையெழுத்துப் போட்டுச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் 1995ஆம் ஆண்டுச் சட்டம். டிசம்பர்ல நாடாளுமன்றத்துல நிறைவேறி, 1996 பிப்ரவரி 7ல அமலுக்கு வந்துச்சு.

அதுல 44ஆவது பிரிவு போக்குவரத்தைப் பத்தியது. ரயில் பெட்டி, பஸ், கப்பல், விமானம் எல்லாத்தையும் மாற்றுத்திறனாளிகள் சுலபமா பயன்படுத்துற மாதிரி மாத்தணும்னு சொல்லுது. 1995ல இப்படி எழுதினது சாதாரண விஷயம் இல்ல. ஆனா அந்த வாக்கியத்தோட முன்பக்கத்துல ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. போக்குவரத்து நிறுவனங்கள் "தங்கள் பொருளாதாரத் திறன் மற்றும் வளர்ச்சியின் வரம்புக்கு உட்பட்டு" இதையெல்லாம் செய்யணுமாம்.

நம்மள்ல பாதிப் பேர் கோடு எழுதுறவங்க. அதனால அப்படியே சொல்றேன். இது ஒரு இஃப் கண்டிஷன். காசு இருந்தா செய். காசு இருக்கா இல்லையானு யார் முடிவு பண்ணுவாங்க? அதே போக்குவரத்து நிறுவனம். எத்தனை பஸ்? சொல்லல. எந்த வருஷத்துக்குள்ள? சொல்லல. அந்த கண்டிஷன் எப்பவுமே ஃபால்ஸ்னே வந்தாலும் சட்டத்தை மீறினதா ஆகாது. சாலைகள் பத்தின 45ஆவது பிரிவுலயும், கட்டடங்கள் பத்தின 46ஆவது பிரிவுலயும் இதே துண்டு இருக்கு.

இப்போ அதே சட்டத்துல 33ஆவது பிரிவைப் பாருங்க. அரசு வேலைவாய்ப்புல 3 சதவீதத்துக்குக் குறையாம ஒதுக்கணும்னு இருக்கு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடல் இயக்கக் குறைபாடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சதவீதம். இங்க ஒரு எண் இருக்கு.

அந்த எண்ணையும் அரசுத் துறைகள் மதிச்சு நடக்கல. ஆனா எண் இருந்ததால கோர்ட்ல போய் "கொடுத்தது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு"னு கணக்குக் காட்ட முடிஞ்சுது. தேசிய பார்வையற்றோர் கூட்டமைப்பு நடத்தின வழக்குல 2013 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. 3 சதவீதத்தை மொத்தக் காலியிடங்களை வச்சுத்தான் கணக்கிடணும்னு தெளிவா சொன்னாங்க. பதினேழு வருஷம் ஆச்சு. ஆனாலும் வழக்காட ஒரு பிடி இருந்துச்சு. பஸ் கேட்டவங்களுக்கு அந்தப் பிடி இல்ல.

டென்வர், 1978

வேற மாதிரி எழுதியிருக்க முடியுமானு கேட்டா, முடியும். ஏன்னா அஞ்சு வருஷம் முன்னாடியே இன்னொரு நாட்டுல எழுதினாங்க.

அமெரிக்காவுல 1973லயே மத்திய அரசுப் பணம் வாங்குற எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாதுனு சட்டம் வந்துச்சு. ஆனா அதை அமல்படுத்துற விதிமுறைகள்ல நாலு வருஷம் கையெழுத்தே போடல. 1977 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோவுல மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடத்துக்குள்ள புகுந்து மூணு வாரத்துக்கு மேல வெளிய வரல. அதுக்கப்புறம்தான் கையெழுத்து விழுந்துச்சு.

அடுத்த வருஷம் ஜூலை 5. டென்வர் நகரம். அந்த ஊர் போக்குவரத்து நிறுவனம் லிஃப்ட் இல்லாத புது பஸ்களை வாங்கிட்டு இருந்துச்சு. 19 மாற்றுத்திறனாளிகள் நடுச்சாலையில பஸ்களை மறிச்சு, ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தாங்க. வீல்சேரை விட்டு இறங்கி பஸ் முன்னாடி ரோட்லயே படுத்தவங்களும் உண்டு. அந்தச் சந்திப்புல இன்னைக்கு அவங்க பேர் பொறிச்ச பலகை ஒண்ணு இருக்கு.

இந்த மாதிரி போராட்டங்கள் பன்னெண்டு வருஷம் தொடர்ந்து நடந்து, 1990 ஜூலை 26ல அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தாச்சு. பஸ் விஷயத்துல அது சொன்னதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. சட்டம் வந்து 30 நாள் கழிச்சு எந்தப் பொதுப் போக்குவரத்து நிறுவனமும் வழித்தட ஓட்டத்துக்குப் புது பஸ் வாங்க டெண்டர் விட்டா, அந்த பஸ் வீல்சேர் ஏறக்கூடியதா இருக்கணும். இருக்கிற பழைய பஸ்ஸை எல்லாம் நாளைக்கே மாத்துனு கேட்கல. புதுசா வாங்குறதை மட்டும்தான் கேட்டாங்க.

இது ஏன் வேலை செஞ்சுதுனா, பஸ்ஸுக்கு ஆயுள் இருக்கு. அங்க பெரிய பஸ்ஸுக்குக் கணக்கு 12 வருஷம். ஒவ்வொண்ணா கழிய கழிய, அந்த இடத்துக்கு வர்றது எல்லாம் ஏறக்கூடிய பஸ். தனியா ஒரு பெரிய திட்டம், தனியா ஒரு நிதினு தேவையில்லாமலே காலப்போக்குல மொத்த பஸ்களும் மாறிடும். பஸ்ஸே பயன்படுத்த முடியாதவங்களுக்கு வீட்டு வாசல்ல வந்து கூட்டிட்டுப் போற வண்டியும் கொடுக்கணும்னு அதே சட்டம் சொல்லுச்சு. அந்த வண்டி நேரத்துக்கு வர்றதில்லனு அங்க இன்னைக்கும் புலம்பல் உண்டு. சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா அந்தச் சட்டத்துல தேதி இருந்துச்சு.

திரும்பவும் சென்னை

கணக்குப் போட்டுப் பாருங்க. 1996ல இருந்து சென்னையில எத்தனை பஸ் கழிஞ்சு எத்தனை புது பஸ் வந்திருக்கும்! ஒவ்வொரு டெண்டரும் ஒரு வாய்ப்பு. நடுவுல 2008 வரையறைகளும் மத்திய அரசோட நகர்ப்புற மேம்பாட்டு நிதியும் வந்தப்போ தாழ்தள பஸ்கள் கொஞ்சம் சென்னைக்கும் வந்துச்சு. அப்புறம் அதுங்களும் பழசாகி ஓரம் போச்சு. அந்த இடத்துக்கு மறுபடியும் படிக்கட்டு பஸ்.

2007ல இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏத்துக்கிட்டுச்சு. 2015 டிசம்பர் 3ல மத்திய அரசு சுகம்ய பாரத் திட்டத்தைத் தொடங்குச்சு. கட்டடம், போக்குவரத்து, இணையம்னு இலக்கும் தேதியும் வச்சாங்க. தேதி வந்துச்சு, தள்ளி வச்சாங்க. இன்னொரு தேதி வந்துச்சு, அதையும் தள்ளி வச்சாங்க.

2016ல பழைய சட்டத்தை எடுத்துட்டுப் புதுச் சட்டம் வந்துச்சு. ரொம்ப பெரிய முன்னேற்றம், அதுல சந்தேகமே இல்ல. ஏழு வகைக் குறைபாடுகள் 21 ஆச்சு. வேலை ஒதுக்கீடு 4 சதவீதம் ஆச்சு. சலுகைங்கிற பேச்சு உரிமைங்கிற பேச்சா மாறுச்சு. நான் ஆர்வமா பஸ் எங்கனு தேடினேன். 41ஆவது பிரிவு. எல்லாப் போக்குவரத்தும் வடிவமைப்புத் தரத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும், பழைய வண்டிகளை மாத்துறது உட்பட. அடுத்த வரி: தொழில்நுட்ப ரீதியா சாத்தியமா, பாதுகாப்பா, பொருளாதார ரீதியா கட்டுப்படியாகிற மாதிரி இருக்கிற இடங்கள்ல, வடிவமைப்பைப் பெருசா மாத்த வேண்டியதில்லாம இருந்தா.

அந்த நிபந்தனை பழைய வண்டிகளுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமானு வாதாட இடம் இருக்கு. அந்த இடம் இருக்கிறதுதான் பிரச்சனையே. இருபது வருஷம் கழிச்சு, அதே இஃப், வேற வார்த்தையில.

சென்னையில இதை விடாம கேட்டவங்க மாற்றுத்திறனாளிகள் இயக்கத்துக்காரங்கதான். வைஷ்ணவி ஜெயக்குமார் தொடர்ந்த பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துல பல வருஷம் நடந்துச்சு. புது பஸ் டெண்டர் வர்றப்போ எல்லாம் 400ஆ, 650ஆ, 900ஆனு கேள்வி கோர்ட்டுக்குப் போச்சு. போக்குவரத்துத் தரப்பு சொன்ன காரணங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். சென்னை மழைத் தண்ணி, கண்டபடி போட்ட வேகத்தடை, குண்டும் குழியுமான ரோடு, பஸ்ஸோட விலை. எல்லாமே நிஜம்தான். ஆனா ரோடு சரியில்லனா சரி பண்ண வேண்டியது ரோட்டை. அந்தக் குழிக்கான விலையை என் நண்பன் ஏன் மாசம் 7,920 ரூபாயா கட்டணும்?

2024 ஆகஸ்ட்ல புதுத் தாழ்தளப் பேருந்துகள் சென்னை ரோட்டுக்கு வந்துச்சு. மொத்தம் 552 வாங்குற திட்டம். 2025 ஜூன்ல வியாசர்பாடி பணிமனையில இருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் ஓட ஆரம்பிச்சுது. காசும் ரோடும் திடீர்னு மாறிடல. "முடிஞ்சா பார்க்கலாம்"ங்கிற பதிலை ஏத்துக்காம, "எத்தனை, எப்போ"னு கோர்ட்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுதான் வித்தியாசம்.

அதே 2024ல, நவம்பர் 8ஆம் தேதி, உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொல்லுச்சு. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005ல போட்ட வழக்கு. 2017ல தீர்ப்பு வந்து, கெடுவும் கொடுத்தாங்க. ஆனாலும் வேலை முடியல. ஏன்னு பார்த்தப்போ, 2016 சட்டத்துக்காக எழுதின விதிகள்ல 15ஆவது விதி மாட்டுச்சு. அணுகல் தரங்களை அது வெறும் வழிகாட்டுதலா மட்டும் வச்சிருந்துச்சு. சட்டம் கட்டாயம்னு சொல்றதை விதி பரிந்துரையாக்குது, அதனால இந்த விதி செல்லாதுனு சொல்லி, கட்டாயமான தரங்களை மூணு மாசத்துல உருவாக்கச் சொன்னாங்க.

பஸ் மட்டும் இல்ல. 2016 சட்டத்தோட 24ஆவது பிரிவு சமூகப் பாதுகாப்பு பத்தியது. அங்கேயும் "பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்"னு அதே சொற்கள். மத்திய அரசோட மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துல, 80 சதவீதம் அல்லது அதுக்கு மேல குறைபாடு இருந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழயும் இருக்கிறவருக்கு மாசம் 300 ரூபாய். 2012ல 200ல இருந்து 300 ஆச்சு. மாநில அரசு தன் பங்கா மேல சேர்த்துக் கொடுக்குது, அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆனா அந்த 300, 2012ல விட்ட இடத்துலயே நிக்குது. என் நண்பனோட ஆட்டோ கணக்குல அது ஒரு நாளைக்குக்கூட பத்தாது.

என் பேக்லாக்

இந்த எபிசோடுக்கு நோட்ஸ் எடுத்துட்டு இருந்தப்போ எனக்கே ஒண்ணு உறைச்சுது. சொல்லவா வேண்டாமானு யோசிச்சேன். சொல்லிடறேன்.

முன்னாடி ஒரு கம்பெனியில ஒரு பேமெண்ட் ஆப்ல வேலை பார்த்தேன். ஒரு பயனர் புகார் அனுப்பியிருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. ஸ்கிரீன் ரீடர் வச்சு பயன்படுத்துறவர். நம்ம ஆப்ல பட்டன்களுக்குப் பேரே வைக்கல. அவர் போன் எந்தப் பட்டனைத் தொட்டாலும் "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும்தான் படிச்சிருக்கு. எது "பணம் அனுப்பு", எது "ரத்து செய்"னு அவருக்குத் தெரியல. அந்த டிக்கெட் என்கிட்டதான் வந்துச்சு. நான் அதுல எழுதினது இவ்வளவுதான்: "அடுத்த ஸ்பிரிண்ட்ல பேண்ட்வித் இருந்தா பார்க்கலாம்." முன்னுரிமை மூணு.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வர்ற வரைக்கும் அந்த டிக்கெட் திறந்தேதான் இருந்துச்சு. பட்டனுக்குப் பேர் வைக்கிறது ஒரு நாள் வேலைகூட இல்ல. நான் கெட்ட எண்ணத்துல அப்படி எழுதல. அந்த நேரத்துல ரொம்ப நியாயமான பதிலாத்தான் தெரிஞ்சுது. 1995ல "பொருளாதாரத் திறனின் வரம்புக்கு உட்பட்டு"னு எழுதினவங்களுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். எழுதினவனுக்கு அது ஒரு வரி. அந்தப் பக்கம் ஒருத்தர் போனைக் கையில வச்சுக்கிட்டு எந்தப் பட்டனை அழுத்துறதுனு தெரியாம உட்கார்ந்திருக்கார்.

இப்போ எங்க டீம்ல ஒரு சின்னப் பழக்கம் கொண்டுவந்திருக்கோம். பழைய ஸ்கிரீன் எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ண முடியாது. ஆனா புதுசா எழுதுற எந்த ஸ்கிரீனும் ஸ்கிரீன் ரீடர்ல ஓட்டிப் பார்க்காம மெர்ஜ் ஆகாது. 1990ல புது பஸ்ஸுக்கு எழுதின விதிதான், கோடுக்கு மாத்திக்கிட்டோம்.

கடைசியா, நண்பன் விஷயம். அவன் வழித்தடத்துல இப்போ தாழ்தள பஸ் வருது. போன மாசம் முதல் தடவை ஏறினான். நானும் கூடப் போனேன். கண்டக்டர் அண்ணன் இறங்கி வந்து பலகையைப் பிரிச்சுப் போட்டார். பின்னாடி நின்ன ஒரு அம்மா "மெதுவா போ தம்பி"னு சொன்னாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. உள்ளே போனதும் அவன் பேசவே இல்ல. ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டே வந்தான். ரெண்டு நிறுத்தம் தாண்டினப்புறம், "எட்டு வருஷம் ஆச்சுடா பஸ்ல ஏறி"ன்னான்.

ஆனா தினமும் அவனால பஸ்ல போக முடியல. வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவுல 300 மீட்டர் தெரு. நடைபாதை இருக்கு, மேலே ட்ரான்ஸ்ஃபார்மரும் இருக்கு, நிறுத்தி வச்ச பைக்கும் இருக்கு. மழை பெஞ்சா ரோட்டோட ஓரமும் போச்சு. வர்ற பஸ் எல்லாமும் தாழ்தளம் கிடையாது, அதனால நேரத்தை நம்ப முடியாது. வாரத்துல ரெண்டு நாள் பஸ், மீதி நாள் ஆட்டோ.

நடைபாதைக்காக அவன் எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் வந்திருக்கு. "நிதி நிலைமைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்"னு இருக்கு. எந்த அலுவலகம்னு சொல்லல, அது முக்கியமும் இல்ல. அவன் திருப்பி ஒரு மனு எழுதியிருக்கான். அதுல ரெண்டே கேள்வி: எத்தனை மீட்டர், எந்தத் தேதிக்குள்ள?

உங்க ஏரியா நிறுத்தத்துலயும் இதைக் கவனிச்சுப் பாருங்க. உங்க கம்பெனி பேக்லாக்லயும் பாருங்க. என்ன கிடைச்சுதுனு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.